வாய் திறக்காத பாடம்

சோமனூரில் மனிதர் பேசுமுன் தறி பேசிவிடும். விசைத்தறிக் குடோனை ஒட்டிய வீடுகளில் தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கே தொண்டையை உயர்த்த வேண்டும். அப்படியொரு வீட்டில், கூலிக்குக் காடாத் துணி நெய்பவரின் மகள் செல்போனில் விளையாடியே ஆங்கிலம் பேசக் கற்கிறாள் என்றபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாலைந்து மாலைகள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வேடிக்கை போய்விட்டது.

இந்த வகைப் பாடங்களில் உலகறிந்தது டுவோலிங்கோ. குவாத்தமாலாக்காரரான லூயிஸ் வான் ஆன், செவரின் ஹாக்கர் என்பவரோடு சேர்ந்து தொடங்கியது. 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பச்சை ஆந்தை ஒன்று மாணவரைத் தினமும் கூப்பிடும். நம் பெண் வைத்திருப்பது வேறொன்று, ஆனால் அதே ஜாதி. பெயர் எதற்கு?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்ற புத்தகத்தை வாங்கி மூன்றாம் நாளே பரணில் போட்டவர்களில் நானும் ஒருவன். இந்த விளையாட்டோ ஆளை விடுவதில்லை. மணி அடிக்கிறது, புள்ளி தருகிறது, ஒரு நாள் தவறினால் நாட்கணக்கு அறுந்துவிடும் என்று பயமுறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பாகச் சொன்னால் சிரிப்பதில்லை. வகுப்பில் ஒரு முறை சிரிப்புக்கு ஆளானவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். பேசிக் காட்டச் சொல்லும் இடம் வந்ததும் அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். இப்போது பேச முடியாது என்று பொருள். தறிச் சத்தத்தில் போனுக்கு அவள் குரல் பிடிபடவில்லை. பாவம், என்ன செய்வாள்? பாடமும் கோபிக்காமல் அடுத்ததற்குப் போயிற்று, புள்ளியும் கொடுத்தது. இருநூறு நாளாக இப்படியே. வாய் திறக்காமலே பேச்சுக் கலையில் அவள் முதல் வரிசை!

கதை எழுதுகிறவனுக்கு இன்னொரு குறையும் படுகிறது. அந்த வாக்கியங்களை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பையன் ஆப்பிள் தின்கிறான், பூனை பால் குடிக்கிறது; யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்கு மற்றவரிடம் ஏதாவது காரியம் இருந்தால்தான் சம்பாஷணை பிறக்கும். இல்லாவிட்டால் சொல்லடுக்குதான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. ரயிலேறிப் போய்வந்தாள். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்டார்களாம்.

"வார்த்தை தெரியாமலில்லைங்க பெரியப்பா. அவரு என் மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தாருங்க, வாய் வரலீங்க," என்றாள்.

போன் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

விளையாட்டாய் மொழி கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகப் புகட்டாமல் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பது போன்ற புதிர்களை ஆங்கிலத்திலேயே போடுவார்கள். மனம் விடையைத் தேடும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. 1987-இல் புத்தகமாகவும் எழுதினார். அங்கும் பிள்ளைகளைப் பேசச் சொல்லி நெருக்கவில்லை. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலும் சரி. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்காக எதிரே ஓர் ஆசிரியர் காத்து நின்றார். ஆந்தைக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம் என்பது என் அபிப்பிராயம்.

போன வாரம் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை. தறிகள் ஓய்ந்திருந்தன. அவளைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, ரயில் அட்டவணையை நடுவில் வைத்து, காலை ஒன்பதுக்குள் திருப்பூர் போக எது தோதான வண்டி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் ஆங்கிலமும் நொண்டிதான். அவள் ஒரு வண்டியைச் சொன்னாள். அது ஞாயிறன்று ஓடாதே என்று வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னேன். "நோ, நோ!" என்று அட்டவணையைப் பிடுங்கி, வினைச்சொல் ஒன்றுமில்லாமல், பத்து நிமிஷம் என்னோடு சண்டை போட்டாள்.