‘குங்ஃபூ பாண்டா 2’ திரைப்படத்தில் எதிர்நாயகனும் குடும்ப உறவும்

ஆய்வுச் சுருக்கம்

‘குங்ஃபூ பாண்டா 2’ என்னும் அசைவூட்டத் திரைப்படத்தின் எதிர்நாயகனான ஷென், கொடியவனாக மட்டுமன்றிப் பார்வையாளரின் இரக்கத்துக்கு உரியவனாகவும் படைக்கப்பட்டுள்ளான். அவ்விரக்கம் எதனால் பிறக்கிறது, அது அவனது குற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறதா ஆகிய இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குங்ஃபூ பாண்டா’ படத்தின் தொடர்ச்சியாக, ஜெனிஃபர் யூ நெல்சன் இயக்கத்தில் 2011ஆம் ஆண்டு இரண்டாம் படம் வெளிவந்தது. பழஞ்சீனத்தைக் களமாகக் கொண்ட இப்படங்களில் விலங்குகளும் பறவைகளுமே மாந்தர்கள். முதற்படத்தின் பகைவனான டாய் லங் என்னும் பனிச்சிறுத்தை, ஆசான் ஷிஃபு கண்டெடுத்து மகனாக வளர்த்த பிள்ளை. இரண்டாம் படத்தில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. வளர்ப்பு மகனான போ நாயகன். பெற்றோரின் அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்த ஷென் என்னும் வெண்மயில் பகைவன். ஆகவே, பிறப்புறவே முழுமையானது, வளர்ப்புறவு குறையுடையது என்னும் எளிய கணக்கு இங்குச் செல்லுபடியாவதில்லை.

பெற்றோர் தம்மை நேசித்தனரா என்னும் ஒரே வினாவே நாயகன், எதிர்நாயகன் இருவரையும் வருத்துகிறது. ஆயினும் இருவர் துயரமும் ஒன்றன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குரிய நிலைக்களன்களாகக் கூறும் நான்கனுள் இளிவு, இழவு ஆகிய இரண்டும் இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. சுற்றத்தாரை இழத்தல் இழவு.

ஷென்னின் துயரம்: இளிவு

கோங்மென் நகரை ஆண்ட மயில் குடியினர் வாணவேடிக்கையைக் கண்டறிந்து மக்களை மகிழ்வித்தனர். அதே வெடிமருந்தில் அழிவாற்றலைக் கண்டவன் அக்குடியின் மகன் ஷென். கவலையுற்ற பெற்றோர் குறிசொல்லும் மூதாட்டியை நாடுகின்றனர். இத்தீய வழியிலேயே அவன் தொடர்வானாயின், கருமையும் வெண்மையும் கொண்ட வீரன் ஒருவனால் வீழ்வான் என்கிறாள் அவள். இக்குறி நிபந்தனையுடையது என்பது கருதத்தக்கது. வழியை மாற்றினால் விதியும் மாறும். மறைந்து கேட்ட ஷென்னோ வழியை மாற்றாமல் பாண்டாக்களைக் கொன்றொழிக்கிறான். நடுங்கிய பெற்றோர் அவனை நாடுகடத்துகின்றனர்.

ஷென் இதனைத் தன் குற்றத்துக்குரிய தண்டனையாகக் கொள்ளவில்லை; தன்னை வெறுத்ததற்கான சான்றாகவே கொள்கிறான். பீரங்கியுடன் திரும்பி நகரைக் கைப்பற்றியதும், தந்தை அரியணையில் வீற்றிருக்க அவரருகே தான் விளையாடிய நாட்களையும், அவ்வரியணை ஒருநாள் தனதாகும் என்று அவர் அளித்த வாக்கையும் நினைவுகூர்கிறான். இக்காட்சியில் நாம் காண்பது கொடுங்கோலனை அன்று; வீடு திரும்பிய, ஆனால் வரவேற்க எவருமில்லாத பிள்ளையை. பார்வையாளரின் இரக்கம் இங்கிருந்தே தோன்றுகிறது. பின்னர், போவைக் கொல்லும் முனைப்பில் தன் முன்னோரின் அரண்மனையையே அவன் பீரங்கியால் தகர்க்கிறான். தன்னை விலக்கிய வீட்டை மீட்க வந்தவன் அவ்வீட்டையே இல்லாமலாக்குவது அவன் அவலத்தின் உச்சம்.

போவின் துயரம்: இழவு

நூடுல்ஸ் கடை நடத்தும் பிங் என்னும் வாத்து, காய்கறிப் பெட்டியில் வந்து சேர்ந்த பாண்டாக் குட்டியை மகனாக வளர்த்தவர். பகைவரின் இலச்சினை ஒன்றைக் கண்ட நொடியில் போவின் மறந்த நினைவு கிளர்கிறது. கணினிவழி உருவான இப்படத்தில் போவின் நினைவுகள் தட்டையான சித்திரப் பாணியில் அமைந்து, அவை சிதைந்த இளமைக் காலத்தின் எச்சங்கள் என்பதை உணர்த்துகின்றன.

தன் பிறப்பின் உண்மையைக் கேட்கும் போவிடம், உன் பெற்றோர் உன்னை நேசிக்கவில்லை என்கிறான் ஷென். இது வெறும் போர்த்தந்திரம் அன்று. தன்னைப் பற்றித் தான் நம்பும் பொய்யையே அவன் பிறனுக்கும் கூறுகிறான். உண்மையோ வேறு. தாய் பாண்டா குட்டியைப் பெட்டியில் மறைத்துவிட்டுப் பகைவரைத் தன்பக்கம் ஈர்த்து ஓடினாள். விலக்கியதுபோல் தோன்றிய அச்செயலே அன்பின் எல்லை.

ஒரே சான்று, இரு செவிகள்

இருவருக்கும் உண்மையின் சான்றாக நிற்பவள் அதே மூதாட்டிதான். ஷென்னிடம் அவள், உன்னைப் பிரிய நேர்ந்த துயரமே உன் பெற்றோரின் உயிரைப் போக்கியது என்கிறாள். அவன் ஒரு கணம் தளர்ந்து, பின் அவளையே வெளியேற்றுகிறான். காயமுற்ற போவுக்கு மருந்திட்டு, நினைவைத் தடுக்காதே என்கிறாள், அவன் செவிசாய்க்கிறான். சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தலாகிய குடிகோள் வெகுளிக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று. போவுக்கு அது முழுமையாக வாய்த்திருந்தும் அவன் வெகுளியில் நிலைக்கவில்லை. ஷென்னோ இளிவிலிருந்து நேரே வெகுளிக்குச் செல்கிறான். சுடுமாறு இட்ட ஆணையை, தம் கூட்டத்தாரே எதிரில் நிற்பதால் மறுக்கும் ஓநாய்த் தலைவனைக் கொல்லவும் தயங்கவில்லை. ஆகவே இரக்கம் அவன் குற்றத்தைக் குறைக்கவில்லை. மாற்று வழி அவனுக்குத் திறந்தே இருந்தது என்பதைக் காட்டி மிகுவிக்கிறது. இறுதியில் அவன் மீது விழுவது அவனது பீரங்கியே. அப்போது அவன் கண்களை மூடிக்கொள்வது, முடிவை ஏற்பதாகவே தோன்றுகிறது.

படத்தின் குறைகள்

பழையவை பொருட்டல்ல, இப்போது எதைத் தேர்கிறாய் என்பதே பொருட்டு என்று போ இறுதியில் ஷென்னுக்கு அறிவுறுத்துகிறான். இக்கூற்று கதையின் போக்கோடு முரண்படுகிறது. போ அமைதி பெற்றது பழையதை மறந்ததனால் அன்று, முழுமையாக நினைவுகூர்ந்ததனாலேயே. அவ்வாறே, மகனைத் திருத்த முயலாது நாடுகடத்திய பெற்றோரின் பொறுப்பு குறித்துப் படம் வினவவில்லை. அவர்களது அன்பு மூதாட்டியின் சொல்வழியாக மட்டுமே வெளிப்படுவதால், ஷென் அதனை நம்பாமையும் ஓரளவு இயல்பாகிவிடுகிறது. மேலும், நான் உங்கள் மகன் என்று பிங்கிடம் போ கூறும் காட்சியோடு நிறைவுபெற வேண்டிய கதை, பெற்ற தந்தை உயிரோடிருப்பதைக் காட்டி முடிகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் படத்துக்கு அது வாயிலாயினும், இப்படம் நிறுவிய வளர்ப்புறவின் நிறைவைச் சற்றே தளர்த்துகிறது.

முடிவுரை

பெற்றோர் பிரிவுற்ற இரு பிள்ளைகளுள் ஒருவன் பிரிவுக்குள் இருந்த அன்பை அறிந்துகொள்கிறான். மற்றவன் அறிய மறுக்கிறான். எதிர்நாயகனின் கொடுமைக்குக் காரணம் அன்பின்மை அன்று, பெற்ற அன்பை அடையாளம் காண இயலாமையே என்பதைக் குறைகளையும் மீறி இப்படம் நிலைநாட்டுகிறது. ஆகவே ஷென்மீது நாம் கொள்ளும் இரக்கம், அவனை மன்னிப்பதற்கு அன்றி, அவன் இழந்தது எது என்பதை அறிவதற்கே பயன்படுகிறது.