வெயிலை யார் மேல் எழுதுவது?

ஆரணியில் உட்கார்ந்து ‘கடல்புரத்தில்’ படிக்கிறவனுக்குக் கடல் தெரியாது, ஆனால் லாஞ்சு தெரியும். எங்க தெருவில் அதுக்குப் பேர் விசைத்தறி. 1977இல் வந்த வண்ணநிலவனின் இந்த நாவலில், மகன் விற்கச் சொல்லியும் வல்லத்தை விட மனசில்லாத குரூஸ் மிக்கேலை, குழித்தறியில் உட்கார்ந்த அப்பாவாகத்தான் நான் படித்தேன். நாவலின் பலமே இதுதான்: இழப்புக்கு அங்கே ஒரு முகம் இருக்கிறது. வல்லத்துக்கு எதிரி லாஞ்சு.

இந்த முறை அந்தப் பலமே உறுத்தியது. நாவல் நடக்கிற மணப்பாட்டை ஒட்டிய கரையில் 2016 ஜனவரியில் சுமார் 80 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிடத் தள்ளிவிட, அவை கரைக்கே திரும்பி வந்தன. 40க்கு மேல் செத்துப்போயின. 1973இலும் அங்கே இப்படி நடந்திருக்கிறது. காரணம் உறுதிப்படவில்லை. சூடேறும் கடலின் கணக்கில் அதை எழுதிவிட எனக்கும் ஆசைதான். எழுதினால் பொய்.

பாக் நீரிணைக்குப் போனால் கதை கொஞ்சம் தெளிவு. அங்கே கடற்பசு மேய்வது கடற்புல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். இழுவைமடி அந்தப் புல்லை அரித்துக்கொண்டு போகிறது, தண்ணீர் சூடேறினால் மிச்சப் புல்லும் நலியும். 2022இல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இழுவைமடிக்கு எல்லை போடலாம். சூட்டுக்கு எப்படிப் போடுவது?

வண்ணநிலவனிடம் நாம் கற்ற கதைமுறை இங்கேதான் கைவிடுகிறது. எதிராளி கண்ணுக்குத் தெரியாததால், நம்முடைய ‘சூழலியல் கதைகள்’ சட்டென்று புலம்பலுக்குத் தாவிவிடுகின்றன. கடல் அழுகிறது, இயற்கை பழிவாங்குகிறது என்று எழுதுகிறோம். இயற்கையைக் குற்றவாளி ஆக்கியதும் மனிதர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

வட கனடாவின் இனுயிட் பெண் ஷீலா வாட்-க்ளூட்டியே 2015இல் எழுதிய ‘த ரைட் டு பி கோல்ட்’ தன்வரலாற்றை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டம், மாநாடு என்று அலுப்பூட்டும் பக்கங்கள் அதில் நிறைய. ஆனால் நாய்வண்டியில் வளர்ந்தவருக்குப் பனி உருகுவது வெறும் காட்சியல்ல. சீல் வேட்டைக்குப் போகிறவன் கால்வைக்கும் தரை அது. 2005இல் அவரும் 62 இனுயிட்டுகளும் அமெரிக்க அரசின் பெயரைப் போட்டே, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தார்கள். ஆணையம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. இருந்தாலும் புகை எங்கிருந்து வருகிறது என்று முகவரி எழுதிப் பார்த்தாயிற்று. நமக்கு வரவேண்டிய கடல் நாவலுக்கு வேண்டியது இந்தத் துணிச்சல்தான்.

மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறி, பாவு தொய்ந்தால் அப்பா சொல்வார்: “காலம் கெட்டுப்போச்சுப்பா.” யார் பெயரும் இல்லாத வாக்கியம் அது. குரூஸ் மிக்கேலுக்கு அந்த நிலைமை வரவில்லை. அவருக்குக் கைநீட்டிக் காட்ட லாஞ்சாவது இருந்தது.