ஆனந்தத் தாண்டவமும் அறவொழுக்கமும்

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1912-ஆம் ஆண்டு 'சித்தாந்த தீபிகை'யில் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிவ தாண்டவக் கட்டுரை, 1918-இல் நியூயார்க்கில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதிக்குப் பெயரும் தந்தது. கூத்தப்பெருமான் திருவுருவைச் சிற்ப அழகு ஒன்றானே அளந்த மேனாட்டார்க்கு அதன் மெய்ப்பொருளை உணர்த்திய பெருமை அக்கட்டுரைக்கு உண்டு. ஆயினும், கலை, தத்துவம், அறம் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டனையும் இணைத்த அக்கட்டுரை மூன்றாவதனை எத்துணைத் தழுவிற்று என்பது ஆராயத்தக்கது.

கட்டுரையாசிரியர் ஆதாரமாகக் கொண்டவற்றுட் சிறந்தது திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கமாகும். துடியிற் படைப்பும், அமைந்த கையிற் காப்பும், அனலில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் விளங்குதலை அந்நூல் கூறும். அவ்வளவில் நில்லாது, மாயையை உதறி, வினையைச் சுட்டு, மலத்தை அமுக்கி, உயிரை அருளால் எடுத்து இன்பத்தில் ஆழ்த்துதலே அக்கூத்தென மேலும் உணர்த்தும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத் திருவுருவங்களின் நிழற்படங்களைக் கண்டு 1913-இல் எழுதிய உரை 1921-இல் அச்சாயிற்று. அவர் உறுப்புக்களின் அமைதியை வியந்தார்; குமாரசுவாமியார் அவ்வமைதி யாது பற்றி எழுந்தது என வினவினார். இஃது அவர்தம் சிறப்பு.

இனி, குறை யாதெனின்: கூத்து நிகழும் இடம் உள்ளமே எனவும், அங்கே செருக்கு எரிந்தொழியும் எனவும் அவர் கூறியது உண்மையே. அவ்வொழிவு ஒருவர்தம் வீடுபேற்றளவில் முடிவதன்று. ஊராரொடு கூடி ஒழுகும் ஒழுக்கத்தினும் வெளிப்படல் வேண்டும். இதனை அவர் விரித்திலர். அறிவியலும் சமயமும் கலையும் அவ்வுருவில் ஒன்றுபட்டமையைப் பாராட்டுதலிலேயே கருத்தூன்றினார். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரமோ, ஞானியரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதல் வேண்டும் என விதிக்கின்றது. ஆகலின், திருமேனி கண்டு மகிழ்தற்கும் பொருள் உணர்தற்கும் மட்டும் உரியதன்று. தொழுது பேணுதற்கும் உரியது.

இம்மூன்றாவது நழுவியதன் விளைவைச் சிவபுரம் காட்டும். கும்பகோணத்தை அடுத்த அவ்வூர்க் கூத்தப்பெருமான் திருமேனி 1950-களிற் செப்பனிடக் கொடுக்கப்பட்டபோது, அதைப்போன்ற படியொன்று வார்க்கப்பட்டுக் கோயிலை அடைந்தது. மூலம் விற்கப்பட்டுக் கைகள் பல மாறி, 1973-இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் தொகுப்பிற் சேர்ந்து, 1986-இல் நாடு திரும்பிற்று. படி வார்த்த கை கலை அறியாத கையன்று. தாண்டவத்தின் தத்துவத்தை விளக்கும் நூல்கட்கும் அக்காலத்திற் குறைவில்லை. இல்லாதிருந்தது அறம் ஒன்றே. 'எனது' என்னும் பற்று மலத்தின் தொழிலாகலின், முயலகனை மிதித்தருளும் திருமேனியை விற்றார் முயலகனுக்கே ஏவல் செய்தாராவர்.

அற்றேல், படியைத் தொழுதார் வழிபாடு பயனின்றி ஒழிந்ததோ எனின், ஒழியாது. அன்பர் கருதி அழைத்த இடத்தில் இறைவன் விளங்குவன் என்பது சைவர் துணிபு. அங்ஙனமாயின், மூலம் எங்கிருப்பினும் குற்றம் என்னை எனின், அருள் தடைப்படாமை களவுக்கு நியாயமாகாது என்க. இழப்பு இறைவற்கன்று, முன்னோர் கொடையை நம்பிக் காத்த ஊர்க்கே.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலினின்று களவுபோன கூத்தப்பெருமானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று. 1955-இல் தோன்றிய புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் உண்மையை நிலைநாட்ட உதவின. 2014-இல் திருமேனி மீண்டது. களவுபோன காலத்து அக்கோயில் பூசை குன்றிப் பூட்டிக் கிடந்தது. கண்ணாடிப் பேழையுள் இருப்பதே பாதுகாப்பன்றோ என்று கலைக்கூடத்தார் வினவுவராயின், அவ்வினாவிற்கு இடந்தந்தவர் சரியைத் தொண்டை நெகிழவிட்ட சைவரே. மீண்ட திருமேனியும் தன் கோயிலை அடையாது, கும்பகோணத்துப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது.

ஆதலால், குமாரசுவாமியார் கட்டுரையைப் பயில்வோர் அதனைப் பாராட்டும் அளவில் அமைதல் போதாது. அவர் விரியாது விட்ட பகுதியை ஒழுக்கத்தால் நிறைத்தல் வேண்டும். தத்தம் ஊர்த் திருமேனிகளின் அளவும் நிழற்படமும் எழுதிக் காத்தலும், பூட்டிய கோயில்களைத் திறந்து அலகிட்டு மெழுகி நாள்தோறும் விளக்கேற்றுதலும் அவ்வொழுக்கத்தின் பாற்படும். உண்மை விளக்கம் ஓதுவார்க்கு இவை புறத்தொழில் அல்ல என்பது தெளிக.