ஆய்தமும் விசர்க்கமும்

பன்வில போன்ற மலையக ஊர்களின் பெயர்ப்பலகைகளிற் சிங்களமும் தமிழும் அடுத்தடுத்து நிற்கின்றன. கணினியின் ஒருங்குறி அட்டவணையிலும் இரண்டிற்கும் இடமுண்டு. ஆயின் அங்கு அவை பெற்ற பெயர்கள் ஒருதன்மையன அல்ல. சிங்களத்தின் மெய்க்குறி ‘அல்-லகுண’ என்னுந் தன் பெயராலேயே பதிவு பெற்றது. தமிழின் புள்ளியோ ‘விராமம்’ ஆயிற்று; ஆய்தம் ‘விசர்க்கம்’ ஆயிற்று.

காரணம் வரலாற்றிலுள்ளது. 1991இல் வெளிவந்த முதற்பதிப்பில் இந்திய எழுத்துமுறைகள் 1988ஆம் ஆண்டின் ‘இஸ்கி’ நியமத்தைத் தழுவி ஒரே சட்டகத்துள் அடுக்கப்பட்டன. தேவநாகரியின் விசர்க்கம் நின்ற கட்டத்திற்கு நேரான கட்டம் ஆய்தத்திற்கு வாய்த்தது. கட்டத்தின் பெயரும் உடன் வந்தது. 1999இல் மூன்றாம் பதிப்பிற் சேர்ந்த சிங்களம் தனக்குரிய வரிசையோடு வந்தமையின் இவ்விடர்ப்பாட்டுக்கு ஆளாகவில்லை.

ஒலியளவில் இரண்டும் சிறிது ஒக்கும் என்பார் உளர். ஒப்புமை வேறு, ஒருமை வேறு. விசர்க்கம் உயிரொலியின் பின் எழும் மூச்சு. சொல்லின் இறுதியில் நிற்றல் அதற்கு இயல்பு. ஆய்தமோ தொல்காப்பிய நெறிப்படி குற்றெழுத்தின் பின்னும் வல்லெழுத்தின் முன்னுமாக இடைநிற்பது. இலக்கணம் அதனைச் சார்பெழுத்து என்றமையால் ‘சார்ந்து நிற்குங் குறி’ எனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. அச்சார்பு ஒலிபிறக்கும் நிலை பற்றியது. வரிவடிவில் ஆய்தம் தனித்தே எழுதப்படும். ஒரு சொல்லின் இருபொருளைப் பிரித்தறியாமையே ஈண்டு வழுவின் ஊற்று.

பெயர்தானே, அதனால் வருங்கேடு என்னை? முற்பதிப்புகளில் ஆய்தம் உண்மையாகவே ஒட்டுக்குறியின் வகையில் வைக்கப்பட்டிருந்தது. ஒட்டுக்குறிக்கு முன் எழுத்தொன்று வேண்டும். இல்லாதவிடத்து வெற்று வட்டம் இடுவது எழுத்தமைக்கும் மென்பொருள்களின் வழக்கம். ‘ஃபிரான்ஸ்’ எனத் தொடங்கும் இக்காலச் சொற்கு அவ்வகைப்பாடு எங்ஙனம் பொருந்தும்? பின்னர் ஆய்தம் எழுத்து வகைக்கு மாற்றப்பட்டது. பெயரை மாற்ற இயலவில்லை. 1996இன் இரண்டாம் பதிப்பு முதல், இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அந்நியமத்தின் விதி. பழைய மென்பொருள்கள் பிழையாதிருத்தற்கு அவ்விதி வேண்டுவதே. ஆதலின் அட்டவணையில் ‘விசர்க்கம்’ என்பதன் கீழ், ‘ஆய்தம்’ என்னும் பெயர் சிறு குறிப்பாக அச்சிடப்பட்டுள்ளது.