ஆறாவது வாரத்தில் அம்மாவை யார் கேட்டார்கள்?

மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்றைய மேடைகளில் ஒரு பெருமிதம் தவறாமல் ஒலிக்கும்: கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007இலேயே அரசாணை போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. உண்மைதான். ஆனால் அந்தப் பெருமிதத்துக்குள், வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் சேர்ந்தே ஒளிந்திருக்கிறது. அந்த நிம்மதியோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடலாம். சேஷையாவும் அவரது குழுவினரும் முன்வைத்த முறை எளிமையானது. கர்ப்பிணி சாப்பிட்டுவிட்டு வந்தாரா, வெறும் வயிற்றில் வந்தாரா என்று பார்ப்பதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரங்களுக்குள் இன்னொரு தடவை. காலை பஸ்ஸைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் மறுபடி வரமாட்டார் என்று தெரிந்தவர்கள் உருவாக்கிய முறை இது. 2022இல் சேஷையாவுக்குக் கிடைத்த பத்மஸ்ரீ தகுதியான கைக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த முறையைக் குறைசொல்பவர்களும் உண்டு. சென்னையிலேயே வேறொரு ஆய்வுக்குழு 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வெறும் வயிற்றுப் பரிசோதனை கண்டுபிடித்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைத்தான் இந்த முறை பிடித்தது. இன்னொரு பக்கம், வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பிறகும் எடுக்கும் ரத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட 92, 180, 153 என்ற மூன்று எல்லைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடிப்படையான 2008ஆம் ஆண்டின் ஒன்பது நாட்டு ஆய்வோ, தாயின் சர்க்கரை கூடக் கூடக் குழந்தைக்கான சிக்கலும் படிப்படியாகக் கூடுகிறது, இந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்று சொல்லத்தக்க கோடு எதுவும் தென்படவில்லை என்றது. அப்படியென்றால் கோட்டை எங்கே போடுவது என்பது ஓரளவுக்கு மனிதர்கள் எடுக்கும் முடிவு. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக மாநாட்டு நேரத்தையெல்லாம் அந்தக் குளுக்கோஸ் தம்ளரே குடித்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனார் என்ற கேள்விக்கு நேரமே மிஞ்சவில்லை.

தேசிய வழிகாட்டுதலில் இதற்கு விடை இல்லாமலில்லை. பிரசவமான ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடியும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. காரணம் வெளிப்படை. கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலைசெய்ய விடாமல் தடுக்கின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், இன்சுலின் ஊசியை நிறுத்திவிடுவார்கள். “சர்க்கரை போயிருச்சு” என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. போனது அளவுதான், உடம்பின் இயல்பு அப்படியே இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு என்றது 2009இல் வெளியான தொகுப்பாய்வு. 2020இல் வந்த இன்னொன்று, ஏறத்தாழப் பத்து மடங்கு என்றது. யாருக்கு நோய் வரப்போகிறது என்று இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே கைகாட்டும் வாய்ப்பு மருத்துவத்தில் அரிது. அந்தப் பெயர்ப்பட்டியல் நம் கையிலேயே இருக்கிறது. அதைப் பிரசவ அறை வாசலோடு மூடிவைக்கிறோம்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், விழிப்புணர்வு போதவில்லை என்று சட்டென்று பதில் வரும். பழியைப் பெண்ணின் தலையில் போட்டுவிடும் பதில் அது. நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவதும் குளுக்கோஸ் குடிப்பதும் புகுந்த ஊரில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறார். பிரசவம் அங்கே, அந்த ஊர் அரசு மருத்துவமனையில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்பி வருகிறார். ஆறாவது வாரத்தில் அவர் இருப்பது, அவருடைய சர்க்கரையைப் பற்றி எதுவும் அறியாத கிராம சுகாதார செவிலியரின் எல்லைக்குள். கர்ப்பப் பதிவு எண் கணினியில் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஆனால் அதைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரையும் பணிப்பதில்லை.

பணிப்பது கடினமா? அதே ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசி. புதன்கிழமை அந்தத் தாய் அதே சுகாதார நிலையத்துக்குத்தான் வருகிறார். குழந்தையின் தொடையில் ஊசி போட்டு, அட்டையில் குறித்து, காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லி அனுப்புகிறோம். மடியில் வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு நான்கு மாதம் முன்பு சர்க்கரை இருந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் பொறுப்பில்லை. பிரசவித்த கையோடு காப்பர்-டி வைப்பதை இந்த அரசு மறப்பதே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணையை விடுவிக்கும்போது குழந்தையின் தடுப்பூசியைச் சரிபார்க்கவும் மறப்பதில்லை. மறந்துபோவது அந்தப் பெண்ணின் ரத்தத்தை மட்டும். இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனமில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அவர் உடம்புக்கு ஒரு திட்டம் இருந்தது. பிள்ளை வெளியே வந்ததும் திட்டமும் பிள்ளையோடு போய்விட்டது.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. கர்ப்பத்தில் பட்டினி வேண்டாம் என்று பெண்ணின் வசதிக்காக உலகத்தோடு சண்டையிட்டவர்கள், பிரசவத்துக்குப் பிறகு அதே பெண்ணை வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். விடிய விடியப் பால் கொடுத்துத் தூக்கமில்லாத உடம்பு அது. கைக்குழந்தையோடு காலையில் பட்டினியாக வந்து, குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்க வேண்டுமாம். பரிசோதனையைப் பெண்ணின் வாழ்க்கைக்கேற்ப வளைப்பதுதான் இந்த முறையின் மேதைமை என்றால், அந்த மேதைமை பிரசவ நாளோடு ஏன் தீர்ந்துபோனது?

2022இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டிச் சிலர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த தாய்மாருக்கு வாழ்க்கைமுறை ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள், சொல்லிக்கொள்ளும் பலன் தெரியவில்லை. சரி, சில அமர்வுகளில் அறிவுரை சொன்னால் சர்க்கரை நின்றுவிடாது என்பதற்கு அது சான்று. ஏற்கெனவே நோய் வந்துவிட்டவரைக் கண்டுபிடிக்காமல் விடலாம் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? நோயாளியின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்து, 2024இல் ஐ.நா. விருதும் வாங்கிய மாநிலம் இது. வாசல் தெரியாதென்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

குழந்தைதான் முக்கியம் என்பவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. கருவின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். தாயின் ரத்தத்தில் அப்போது சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் பிரசவத்துக்குப் பின் யாரும் சோதிக்காமல் விட்ட பெண், சர்க்கரை நோயாளி என்று தெரியாமலே இரண்டாவது முறை கருவுறுகிறார். பத்து, பன்னிரண்டு வாரம் கழித்துப் பதிவுக்கு வந்து குளுக்கோஸ் குடிக்கிறார். நாம் பெருமைப்படும் அந்தப் பரிசோதனை, உறுப்புகள் உருவாகி முடிந்த பிறகு நோயைக் கண்டுபிடித்துச் சொல்கிறது.

ஆகவே, எத்தனை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்தோம் என்ற கணக்கு போதும். சர்க்கரை கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேரை ஆறாவது வாரத்தில் மறுபடி சோதித்தோம் என்ற ஒரே விழுக்காட்டை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். அது வெளிவராத வரையில் இதைச் சேய்நலத் திட்டம் என்றுதான் சொல்வேன், அதுவும் முதல் சேய்க்கு மட்டுமான திட்டம்.