காட்டாமல் காட்டும் கலை

திரைப்படத்தைப் பற்றிய பேச்சு நம்மவரிடையே எழுந்தால் அது பெரும்பாலும் ‘கூடுமா, கூடாதா’ என்னும் வினாவில் தொடங்கி, அவ்வினாவிலேயே முடிந்துவிடுகின்றது. அவ்வினா தேவையற்றதென்று நாம் கூறவில்லை. அதற்கு விடை பகரும் பொறுப்பு, ஃபத்வா வழங்கும் தகுதி வாய்ந்த உலமாப் பெருமக்களைச் சார்ந்தது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி நம் கூடங்களில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கைபேசி வந்தபின் படக்காட்சி பிள்ளைகளின் உள்ளங்கைக்கே வந்து சேர்ந்துவிட்டது. சேத்தூரிலும் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நாம் அறிந்த முஸ்லிம் இல்லங்களுள் படமே பார்க்காத இல்லம் என்று ஒன்றைச் சுட்டுவது எளிதன்று. வந்துவிட்ட ஒன்றில் நல்லது எது, அல்லது எது என்று பிரித்தறியும் அளவுகோல் ஒன்றை நம் மக்களுக்குத் தந்தோமா? தரம் பிரிக்கக் கற்றுத் தராமல் தடையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் தடையும் நிலைக்காது, சுவையுணர்வும் வளராது.

அந்த அளவுகோலைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. அரபு மொழியின் அணியிலக்கணமாகிய ‘பலாகத்’ கலையில் ‘ஈஜாஸ்’ என்றொரு பகுதி உண்டு. பொருள் நிறையச் சொற் குறையப் பேசுதல் என்று அதனைத் தமிழில் கூறலாம். அதனுள்ளும் ‘ஹத்ஃப்’ என்பது, சொல்ல வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கேட்பவரின் உள்ளமே அதனை நிரப்பிக்கொள்ளும்படிச் செய்வதாகும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி தம் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் இதனைத் தனியே எடுத்து ஆராய்கின்றார். சொன்னால் கிட்டாத அழுத்தம் சிலவிடத்துச் சொல்லாமல் விடுவதனால் கிட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். நம் தொல்காப்பியரும் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்து, வெளிப்படக் கூறாது குறிப்பால் உணர்த்தும் நெறியைத் தமிழ்ப் புலவர்க்குக் காட்டிச் சென்றார். அரபும் தமிழும் ஒத்து நிற்கும் இடங்களுள் இஃது ஒன்று. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, நாம் விரும்பிக் கண்ட சில படங்களையும் ஒரு தொடரையும் இங்கே நோக்குவோம். எதைக் காட்டியது என்று கேட்பதோடு நில்லாமல், எதைக் காட்டாமல் விட்டது, ஏன் விட்டது என்றும் கேட்போம்.

முதலில் நினைவுக்கு வருவது, 1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘அர்-ரிஸாலா’. சிரியா நாட்டு ஹலப் நகரிற் பிறந்த முஸ்தஃபா அக்காத் இதனை ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரே காலத்தில், வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு உருவாக்கினார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆன்டனி குவின் நடித்தார். அரபிப் படத்தில் அப்துல்லாஹ் கைஸ் நடித்தார். மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு இடையில் நிறுத்தப்பட்டு லிபியாவில் நிறைவெய்தியது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் இப்படத்தில் அண்ணலாரின் திருவுருவம் இல்லை, திருக்குரலும் இல்லை. எதிரே நிற்போர் காமிராவை நோக்கிப் பேசுகின்றனர். அண்ணலாரின் மறுமொழியை அருகிலிருப்போர் எடுத்துரைக்கின்றனர். அலீ (ரலி) அவர்களின் வருகையை அறிவிப்பது இரு முனை கொண்ட ஒரு வாள் மட்டுமே. மதீனா மாநகர் மகிழ்ச்சிக் கடலில் திளைக்க, ஓர் ஒட்டகம் மெல்ல நடந்து வருவதைக் காண்கின்றோம். அதன்மேல் அமர்ந்தவரைக் காண்பதில்லை. எனினும், கண்டோம் என்னும் நிறைவோடுதான் அக்காட்சியிலிருந்து மீள்கின்றோம்.

கலைக்கு இது கைவிலங்கு என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இமாம் திர்மிதீ அவர்களின் ‘ஷமாயில்’ நூலைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: பெருமானாரின் உயரம், முடி, நடை, புன்னகை அனைத்தும் அங்கே சொற்களால் விரிவாக எடுத்துரைக்கப்பட்டுள்ளன. ஆகவே நம் மரபு வாயடைத்த மரபன்று. அது சொல்லால் தந்தது. தூரிகையால் தர மறுத்தது. சொல் கொடுத்த அடையாளங்களைக் கொண்டு ஒவ்வோர் உள்ளமும் தன் அன்பின் அளவுக்கு ஏற்ப ஒளியைக் கண்டுகொள்ளும். எட்டயபுரத்து உமறுப் புலவர், பாலைவன அரபகத்தை நாட்டு வளமும் ஆற்று வளமும் மிக்க தமிழ் மண்ணாகச் சீறாப்புராணத்தில் பாட முடிந்ததும் இவ்வுரிமையால்தான். அக்காத் இவ்வுரிமையைப் பார்வையாளரிடமிருந்து பறிக்கவில்லை. அதனால்தான் அப்படம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றது.

இப்படத்துக்கு நேர்ந்தவற்றையும் நம் மக்கள் அறிந்திருத்தல் நலம். 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றிப் பலரைப் பணயமாகப் பிடித்தது. அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று, இப்படத்தைத் திரையிடக் கூடாது என்பது. திரையில் இல்லாத ஒன்றுக்காக உயிர்கள் போயின. படத்தை உருவாக்கிய அக்காத், 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் விடுதிகளில் நிகழ்த்தப்பட்ட குண்டுவெடிப்பில் சிக்கி மகளோடு உயிர் நீத்தார். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் குண்டு வைத்தவர்கள், அம்மார்க்கத்தின் செய்தியைப் படமாக்கியவரைக் கொன்றனர். பாராமலே தீர்ப்புரைப்போர்க்கு இதனினும் கசப்பான பாடம் வேறில்லை.

அடுத்து ஈரானுக்குச் செல்வோம். மஜீத் மஜீதி 1997இல் இயக்கிய ‘பச்சேஹாயே ஆஸ்மான்’, அதாவது ‘வானத்துப் பிள்ளைகள்’, நம் இல்லத்துச் சிறாரும் முதியோரும் ஒன்றாய் அமர்ந்து காணத்தக்க படம். 2022இல் ‘அக்கா குருவி’ என்னும் பெயரில் இது தமிழிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. தங்கை ஸஹ்ராவின் காலணிகளை அண்ணன் அலீ தொலைத்துவிடுகின்றான். வறுமை அறிந்த பிள்ளைகள் தந்தையிடம் சொல்லாமல், ஒரே சோடிக் காலணிகளை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகின்றனர். கதை இவ்வளவே. அதில் ஒரு காட்சி. பள்ளிவாசல் நிகழ்ச்சிக்கென்று கொடுத்துவைத்த சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் அமர்ந்து தந்தை உடைத்துக்கொண்டிருக்கின்றார். மகள் தேநீர் கொண்டுவருகின்றாள். தேநீருக்குச் சர்க்கரை கேட்கின்றார். ‘இதோ இவ்வளவு இருக்கின்றதே’ என்னும் கருத்துப்பட மகள் பேசுகின்றாள். அது பள்ளிவாசலுக்குரியது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அவர் விளக்குகின்றார். ‘அமானத்’ என்னும் தலைப்பில் நாம் மதரஸாவில் ஒரு வாரம் நடத்தும் பாடம் அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது.

இன்னொரு காட்சி இதனினும் நுட்பமானது. தொலைந்த காலணிகள் வேறொரு சிறுமியின் காலில் இருப்பதை ஸஹ்ரா கண்டுபிடிக்கின்றாள். அண்ணனும் தங்கையும் பின்தொடர்ந்து அவள் வீடு வரை செல்கின்றனர். அச்சிறுமியின் தந்தை கண் பார்வையற்றவர் என்பதைக் காண்கின்றனர். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர், திரும்பி நடக்கின்றனர். ஒரு சொல் இல்லை. நம் படங்களாயின் அவ்விடத்தில் ஒரு பாட்டோ பத்து வரி உரையாடலோ வந்திருக்கும். முடிவிலும் அப்படியே. தந்தை வாங்கிய புதுக் காலணிகள் அவர் மிதிவண்டியில் இருப்பதை நமக்கு ஒரு கணம் காட்டுகின்றார் இயக்குநர். பிள்ளைகளிடம் அவை சேரும் காட்சியைக் காட்டவில்லை. கொப்புளம் கண்ட பாதங்களைத் தொட்டி நீரில் இட்டுச் சிறுவன் அமர்ந்திருக்க, மீன்கள் அப்பாதங்களைச் சூழ்கின்றன. விட்டுப்போன மகிழ்ச்சியை நாம் நம் நெஞ்சிலே நிரப்பிக்கொள்கின்றோம். ஜுர்ஜானி கூறிய ஹத்ஃப், அவர் பிறந்த ஈரானிய மண்ணிலே படச்சுருளில் மீண்டும் பிறந்தது போலும்!

நம் நாட்டில் இதற்கு நிகராக நாம் வைத்துப் போற்றுவது எம்.எஸ். சத்யு இயக்கிய ‘கரம் ஹவா’. இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவியது. தணிக்கையில் தடைப்பட்டு 1974இல் வெளிவந்தது. பிரிவினையைப் பற்றிய படம். எனினும் பிணக்குவியல்களை அது காட்டவில்லை. ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்ஸாவின் உற்றார் ஒவ்வொருவராய் இரயிலேறிப் பாகிஸ்தான் போகின்றனர். வீடு கைவிட்டுப் போகின்றது. அவ்வீட்டுக்கு மணமகளாய் வந்த மூதாட்டி வெளியேற மறுத்து விறகு அடுக்கிய இடத்தில் ஒளிந்துகொள்கின்றார். உயிர் பிரியும் தறுவாயில் அவரைப் பல்லக்கில் வைத்து அவ்வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருகின்றனர். பிரிவினை என்பது என்ன என்று ஆயிரம் ஏடுகள் கூறுவதை அப்பல்லக்கு கூறிவிடுகின்றது. சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் ஸாஹ்னி, படம் திரைக்கு வருமுன்னே 1973 ஏப்ரலில் காலமானார்.

இனி, நம் இல்லங்களில் பெரும் விவாதத்தை எழுப்பிய ‘உமர்’ தொடருக்கு வருவோம். 2012 ரமளானில் ஒளிபரப்பான இத்தொடரை இயக்கியவர், 2020 டிசம்பரில் காலமான சிரியா நாட்டு ஹாதிம் அலீ. எழுதியவர் வலீத் ஸைஃப். யூசுஃப் அல்-கர்ளாவீ உள்ளிட்ட அறிஞர் குழுவொன்று கதையேட்டைப் பரிசீலித்தது. எகிப்தின் அல்-அஸ்ஹரோ நபித் தோழர்களை நடிகர்கள் உருவகிப்பதை எதிர்த்தது. அத்தொடரின் அரபு, செவ்விய இலக்கிய அரபு. அரபு பயிலும் மாணவர்க்கு அதன் உரையாடல்கள் செவிவிருந்து என்பதை மறைப்பதற்கில்லை. ஆட்சியாளரின் அச்சம் நிறைந்த பொறுப்புணர்வை அது காட்டும் விதமும் உயர்ந்ததே. ஆயினும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. மாணவர் ஒருவரிடம் உமர் (ரலி) அவர்களைப் பற்றி எழுதச் சொன்னோம். அவர் எழுதியது தொடரில் வந்த நடிகரின் முகத்தையும் தாடியையும். ‘உமர்’ என்ற பெயர் கேட்டதும் நீதியின் கம்பீரமாய் உள்ளத்தில் எழ வேண்டிய ஒன்று, ஒரு மனிதரின் புகைப்படமாகச் சுருங்கிவிட்டது. கூடும் கூடாது என்ற தீர்ப்பில் நாம் நுழையவில்லை. இலக்கியச் சுவை நோக்கிச் சொல்வதாயின், அர்-ரிஸாலா நமக்கு விட்டுவைத்த இடத்தை உமர் தொடர் அடைத்துவிட்டது என்றே கூறுவோம்.

இதுவரை மரியாதையால் மறைப்பதைப் பேசினோம். அலட்சியத்தால் மறைப்பது என்று மற்றொன்றும் உண்டு. முன்னது கலை, பின்னது அநீதி. நம் தமிழ்த் திரையில் நாம் காண்பது பெரிதும் பின்னதையே.

பீம்சிங் இயக்கி 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ப் படத்தை நாம் இன்றும் அன்போடு நினைக்கின்றோம். ரஹீமாகச் சிவாஜி கணேசனும், அவரை வளர்க்கும் முஸ்லிம் பெரியவராக நாகையாவும் தோன்றுவர். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் டி.எம். சௌந்தரராஜனின் குரலோடு சேர்ந்து அதில் ஒலிக்கும். அதில் முஸ்லிம், அண்டை வீட்டார் பேசும் அதே தமிழைப் பேசினார். பின்னாளில் எத்தனையோ படங்களில் தொப்பியையும் கட்டம் போட்ட லுங்கியையும் கழுத்துத் தாயத்தையும் காட்டினார்கள். வாயைத் திறந்தால் ‘நம்பள், நிம்பள்’ என்னும் அரைகுறைத் தமிழ்! 1992இல் ‘ரோஜா’ வந்தபின், துப்பாக்கி ஏந்தியவரே தொழுகையும் நிறைவேற்றும் காட்சி திரைக்குப் பழகிப்போயிற்று.

நம் வீட்டுத் தமிழ் எத்தகையது? ‘நமாஸ்’ என்னாமல் தொழுகை என்கின்றோம். ‘ரோஸா’ என்னாமல் நோன்பு என்கின்றோம். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் ஈதைப் பெருநாள் என்றும் வழங்குகின்றோம். வணக்கத்துக்கே தமிழ்ச் சொல் கண்ட சமுதாயத்தைத் தமிழ் தெரியாத சமுதாயமாகக் காட்டுவது எவ்வளவு பெரிய மறைப்பு! சேத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய்க் குத்தகை எடுக்கும் அத்தாமாரும், பஞ்சாலைக்கு விடியலில் புறப்படும் இளைஞரும், மகளின் படிப்புக்காக நகையை அடகு வைக்கும் தாய்மாரும் திரையில் இல்லை. உடையைக் காட்டினார்கள்; உள்ளத்தைக் காட்டாது விட்டார்கள்.

இக்குறையைச் சிறிது தீர்த்தது 2013இல் வந்த ‘யாதும்’ என்னும் ஆவணப்படம். எடுத்தவர் கோம்பை எஸ். அன்வர். நம் சேத்தூரைப் போலவே கோம்பையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். தமிழ் முஸ்லிமின் வேர் எங்கே என்று அவர் தேடிச் செல்கின்றார். கடல் வாணிபத்தின் சுவடுகளும், தமிழ்க் கட்டடக் கலையில் எழுந்த கல் பள்ளிவாசல்களும், இசுலாமியத் தமிழிலக்கியமும் விடையாக வருகின்றன. முழக்கமில்லை; வாதமில்லை. தூண்களையும் ஏடுகளையும் பேச விட்டு அவர் ஒதுங்கி நிற்கின்றார்.

ஆகவே அன்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். குடும்பத்தோடு அமர்ந்து ஒரு படம் கண்டால், அது முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ‘இதில் எதைக் காட்டாமல் விட்டார்கள்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். விட்டது மரியாதையாலா, அலட்சியத்தாலா என்று அவர்களே ஆய்ந்து சொல்லட்டும். அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய பிள்ளையைக் கீழான படம் நெடுநேரம் பிடித்து வைக்க இயலாது. அவர்களுள் எழுத்தாற்றல் உள்ள ஒருவர், நம் வீட்டு அத்தாவையும் அம்மாவையும் நம் வீட்டுத் தமிழிலேயே பேச வைத்து ஒரு கதை எழுதக்கூடும். திரை அதனை ஏற்கும் நாளுக்குக் காத்திராமல் எழுதச் சொல்லுங்கள். எழுதப்படாத கதையை எந்தக் காமிராவும் படமெடுக்காது.