மதர்போர்டுக்குள் ஒரு சாவி

மடிக்கணினிக்குக் கொடுக்கிற விலையில் விண்டோஸுக்கான காசும் அடக்கம். நான்கு வருடம் ஓட்டிய பிறகு அந்த விண்டோஸை மொத்தமாகத் துடைத்துவிட்டு உபுண்டு லினக்ஸுக்கு மாறினேன். ஒரே ஒரு கணக்கு மென்பொருள் மட்டும் விண்டோஸில்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. அதற்காக இன்னொரு விண்டோஸை விலைக்கு வாங்க மனம் வரவில்லை. ஏற்கெனவே வாங்கியதை மெய்நிகர் கணினிக்குள், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் குடியேற்ற முடியுமா? அதற்கான மென்பொருள்களான விர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸின் கேவிஎம்-கியூஎமு ஜோடி இரண்டையும் இரண்டு வாரம் புழங்கிப் பார்த்தேன்.

சாவி இருக்கும் இடம்

கணினியோடு சேர்ந்து வரும் உரிமத்துக்கு ஓஇஎம் உரிமம் என்று பெயர். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் 25 எழுத்துச் சாவியோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மடியில் உரசி உரசி எழுத்தெல்லாம் தேய்ந்துபோகும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது முறை மாறியது. தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் ஃபர்ம்வேரில் சாவியை எழுதிவிடுகிறார்கள். எம்எஸ்டிஎம் என்ற 85 பைட் அட்டவணைதான் அது. டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸ் டெர்மினலில் அதைத் திறந்தேன். புரியாத குறிகளுக்குப் பின்னால், கோடுகள் உட்பட 29 இடங்களில் என் சாவி பத்திரமாக இருந்தது.

மெய்நிகர் கணினிக்கோ தனி ஃபர்ம்வேர். அடியில் இருக்கும் நிஜ மதர்போர்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. அந்த 85 பைட்டை நாம்தான் உள்ளே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ்

புதியவர்களுக்கு இதுதான் எளிது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் கிடைக்கின்றன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஒதுக்கிவிட்டால் விண்டோஸ் 11 கேட்பதெல்லாம் தயார். ஆனால் உரிம அட்டவணையைச் சேர்க்கத் திரையில் பொத்தான் கிடையாது. கட்டளை வரியில்தான் செய்ய வேண்டும். ஒரே சாவியை இரண்டு இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதால், இங்கே சாவி கேட்கும் கட்டத்தைத் தாண்டிப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

கேவிஎம்-கியூஎமு

விர்ட்-மேனேஜர் என்ற முகப்பு இருந்தாலும் இதில் கை அழுக்காகத்தான் செய்யும். முதலில், நிறுவும் நிரல் டிஸ்க்கே இல்லை என்றது. மெய்நிகர் டிஸ்க்குக்கான விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய தனி ஐஎஸ்ஓ கோப்பை இணைத்த பிறகே டிஸ்க் தெரிந்தது. அடுத்து, எம்எஸ்டிஎம் அட்டவணையை அது இருந்த இடத்திலிருந்தே படிக்கச் சொன்னேன். உபுண்டுவின் ஆப்ஆர்மர் காவல் அனுமதிக்கவில்லை. தனிக் கோப்பாக நகலெடுத்து, எக்ஸ்எம்எல் அமைப்பில் அதன் இருப்பிடத்தைச் சேர்த்தேன். மடிக்கணினியின் தயாரிப்பாளர், மாடல் விவரங்களும் உள்ளே தெரியும்படி இன்னொரு வரி.

மறுபடி நிறுவியபோது சாவியும் கேட்கவில்லை, எந்தப் பதிப்பு என்றும் கேட்கவில்லை. இந்திய மடிக்கணினிகளில் பரவலாக வரும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ தானாகவே இறங்கியது. இணையத்தில் இணைத்துவிட்டு உரிம விவரத்தைப் பார்த்தேன்: ஓஇஎம் வழி, உரிமம் பெற்றது. 16 ஜிபி ரேமில் பாதியை உள்ளே கொடுத்திருந்தேன். கணக்கு மென்பொருள் தயக்கமில்லாமல் திறந்தது. முப்பரிமாண விளையாட்டுக்கு மட்டும் இந்த அமைப்பை நம்ப வேண்டாம். அதற்கான கிராஃபிக்ஸ் முடுக்கம் விண்டோஸுக்கு இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கணினித் தயாரிப்பாளர் தரும் மீட்பு டிஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள்; அது தன் சொந்த வன்பொருளைத் தேடும், காணாவிட்டால் நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் பொதுவான ஐஎஸ்ஓ போதும். அடுத்து, மெய்நிகர் கணினியின் அடையாள எண்ணை மாற்றாதீர்கள். மாறினால் விண்டோஸ் அதைப் புதுக் கணினி என்று நினைத்து உரிமத்தை மறுபடி கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விண்டோஸ் 11 ஒப்பந்தம் ஒரு கருவியில் ஒரே பிரதியை அனுமதிக்கிறது. அந்தக் கருவி நிஜமாகவும் இருக்கலாம், மெய்நிகராகவும் இருக்கலாம். கணினியோடு வந்த உரிமத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அந்தக் கணினியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். வெளியே விண்டோஸை வைத்துக்கொண்டு உள்ளேயும் அதே சாவியில் இன்னொன்றை ஓட்டினால் அது தெளிவான மீறல். வெளியே துடைத்துவிட்டு, அதே கணினியில் உள்ளே ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வது ஒப்பந்தத்தின் நோக்கத்துக்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. வழக்கறிஞர் எவரும் அதற்கு முத்திரை குத்தித் தரவில்லை. விதி இதைவிடக் கடுமையாக இருந்த காலமும் உண்டு: விஸ்டாவின் ஹோம் பதிப்புகளை மெய்நிகர் கணினியில் நிறுவவே தடை இருந்து, 2008 ஜனவரியில்தான் நீங்கியது. ஆப்பிளோ, மேக்ஓஎஸ் ஓடும் தன் கணினியில் கூடுதலாக இரண்டு மெய்நிகர் பிரதிகள் வரை அனுமதிக்கிறது; ஆனால் அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் வரையறுத்திருக்கிறது.

தீர்ப்பு

லினக்ஸுக்கு முழுதாக மாறிவிட்டு, ஓரிரு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸ் வேண்டுமென்றால் கேவிஎம்-கியூஎமு. ஒரு மாலை நேரம் செலவாகும், புதிய உரிமத்தின் விலை மிஞ்சும். சும்மா பழகிப் பார்க்க விர்ச்சுவல்பாக்ஸ் போதும். அலுவலகக் கணினி என்றால் இந்த வேலையே வேண்டாம். தணிக்கைக்கு வருகிறவரிடம் 85 பைட்டைக் காட்டி வாதாட முடியாது. அங்கே மெய்நிகர் கணினிக்கென்று தனி உரிமம் வாங்கி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.